ஒரு விரலா, பத்து விரலா?

நோய்களுக்குப் பெயர் வைப்பதில் மருத்துவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்டறிந்தவர் பெயர், கெட்டுப்போன உறுப்பு, காரணமான கிருமி என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த வழக்கத்துக்குள் அடங்காத பெயர் ஒன்று உண்டு: ‘குடியேற்றத் தாமத நோய்’. 2007இல் சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்றார். பாஸ்போர்ட்டில் இருந்த முகமும் எதிரே நின்ற முகமும் பொருந்தின. விரலைக் கண்ணாடித் தட்டில் வைத்தபோதுதான் சிக்கல் வந்தது, ரேகை விழவில்லை. விழ வழியும் இல்லை, பிறவியிலிருந்தே அவருடைய விரல் நுனிகள் வழவழப்பானவை. அவர் குடும்பத்தில் வேறு பலருக்கும் அப்படியே. பாசல் நகரத் தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் இதை ஆராய்ந்து, பாதி விளையாட்டாக அந்தப் பெயரைச் சூட்டினார். 2011இல் இஸ்ரேலைச் சேர்ந்த எலி ஸ்ப்ரெக்கர் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: ஸ்மார்காட்-1 என்னும் மரபணுவில் ஒரே ஒரு இடத்தில் நேர்ந்த மாற்றம். வியர்வைச் சுரப்பிகள் சற்றுக் குறைவு என்பதைத் தவிர அவர்களுக்கு உடம்பில் வேறு குறை கிடையாது. எல்லைச் சாவடியில் கண்ணாடித் தட்டு இல்லாத காலத்தில் பிறந்திருந்தால், தமக்கு ஒரு நோய் இருப்பதாகவே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே, ஆராய வேண்டியது விரலை மட்டுமல்ல, அந்தத் தட்டு கேட்கும் கேள்வியையும்தான். இன்று கனடாவுக்கு விசாவோ நிரந்தரக் குடியிருப்போ கேட்பவர்கள், விலக்குப் பெற்ற சிலர் நீங்கலாக, 14 வயதிலிருந்து 79 வயதுவரை பத்து விரல்களின் ரேகையையும் புகைப்படத்தையும் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 85 கனடா டாலர் கட்டணம். ரேகைகள் அந்நாட்டு மத்திய போலீஸான ஆர்.சி.எம்.பி.யின் பதிவேட்டுக்குப் போகின்றன. அமெரிக்காவில் கிரீன் கார்டு கேட்பவரைக் குடியேற்றத் துறை ஒரு மையத்துக்கு அழைத்து இதையே செய்கிறது. அங்கே ரேகைகள் எஃப்.பி.ஐ.க்குப் போகின்றன. ‘பயோமெட்ரிக்ஸ் கொடுத்தாச்சா?’ என்பது வெளிநாடு போகக் காத்திருக்கும் குடும்பங்களில் சாதாரணமாகக் காதில் விழும் விசாரிப்பு. நம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வீட்டையும் நிலத்தையும் கைமாற்றும்போது இடது கைப் பெருவிரல் ஒன்று போதுமானதாக இருக்கிறது. ஒரு சொத்தையே மாற்றிக்கொடுக்க ஒரு விரல் போதும் என்றால், ஒரு நாட்டுக்குள் நுழைய ஏன் பத்து? பத்திரமாக இருக்கட்டுமே என்று கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு விரல் கேட்கிற அலுவலகமும் பத்து விரல் கேட்கிற அலுவலகமும் கேட்பது வெவ்வேறு கேள்விகள். ‘சொல்கிற ஆள் நீதானா?’ என்பது முதல் கேள்வி. ‘நீ வேறு யாராகவாவது இருக்கிறாயா?’ என்பது இரண்டாவது. விண்ணப்பதாரரைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விரல்களின் எண்ணிக்கையைப் பார்த்தே எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கு முதலில் தோலைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் குழந்தையின் விரல்களைப் பிரித்துச் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணுவது உண்டு. பலன் சொல்வதை விட்டுவிட்டால், அந்தப் பாட்டிமார் செய்தது முறையான வகைப்படுத்தல்தான். ஒரு பக்கமாகப் புகுந்து வளைந்து அதே பக்கம் திரும்புவது சங்கு; நடுவில் சுழன்று மூடுவது சக்கரம்; ஒரு பக்கம் புகுந்து சிறு மேடாக ஏறி மறுபக்கம் இறங்குவது வில். மனித விரல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சங்கு, முப்பது சக்கரம், ஐந்து வில் என்பது பொதுக் கணக்கு. வயிற்றில் கரு மூன்றாவது மாதத்தை எட்டும் சமயத்தில், விரல் நுனியில் பருத்திருக்கும் சிறு மெத்தை போன்ற பகுதியில் இந்த வரிகள் எழத் தொடங்குகின்றன. ஆறாவது மாதத்துக்குள் உருவம் முடிவாகிவிடுகிறது. எப்படி எழுகின்றன என்பதை எடின்பரோவை மையமாகக் கொண்ட ஒரு குழு 2023இல் விளக்கியது. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1952இல் ஓர் ஊகத்தை வெளியிட்டிருந்தார்: ஒன்றைத் தூண்டுகிற வேதிப்பொருளும் அதை அடக்குகிற வேதிப்பொருளும் வெவ்வேறு வேகத்தில் பரவினால், வெறும் பரப்பில் தாமாகவே கோடுகளும் புள்ளிகளும் தோன்றும் என்று. வரிக்குதிரையின் கோடுகளை விளக்க எடுத்தாளப்பட்ட இந்தக் கணிதம் நம் விரல் நுனியிலும் நடக்கிறது. மெத்தையின் நடுவிலிருந்து ஒன்று, நகத்தடியிலிருந்து ஒன்று, மூட்டு மடிப்பிலிருந்து ஒன்று என மூன்று இடங்களில் வரிகள் அலைபோலப் புறப்பட்டு ஒன்றையொன்று சந்திக்கின்றன. மெத்தையின் வடிவமும் அலைகள் புறப்படும் நேரமும் சங்கா சக்கரமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட வரி எந்த இடத்தில் முடியும், எங்கே இரண்டாகப் பிரியும் என்பது அந்தக் கணத்தின் தற்செயல். அதனால்தான் ஒரே மரபணுக்களோடு பிறக்கும் இரட்டையர்களுக்கும் ரேகை மாறுகிறது. வரிகளின் அச்சு மேல்தோலுக்கு அடியில் பதிந்திருப்பதால், மேலோட்டமாகச் சுட்டாலும் தேய்ந்தாலும் அதே ரேகை மறுபடி வளர்ந்து வருகிறது.

இதைக் கேட்டதும் எழும் முதல் எதிர்வாதம் இயல்பானது. உலகில் எந்த இருவருக்கும் ரேகை ஒன்றாக இருக்காது என்றால், பிறகு தவறு எப்படி நேரும்? ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1892இலேயே, இரண்டு விரல்களின் ரேகை ஒன்றாக அமையும் வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்று கணித்தாரே! கால்டனின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஆனால் அவர் பேசியது விரலைப் பற்றி. கருவி பார்ப்பதோ விரல் விட்டுச்சென்ற பதிவை. கண்ணாடித் தட்டின் அடியிலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சுகிறார்கள். தோல் படாத இடத்தில் ஒளி முழுவதும் திரும்பிவந்து பளிச்சிடுகிறது. வரியின் மேடு தொடும் இடத்தில் சிதறி இருள்கிறது. இப்படிக் கிடைக்கும் படம் அங்குலத்துக்கு 500 புள்ளிகள் கொண்டது. அதிலிருந்து மென்பொருள், வரி முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் தேடி, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் திசையையும் எண்களாகக் குறித்துக்கொள்கிறது. அழுத்தி வைத்தால் வரிகள் தடிக்கின்றன. மெல்ல வைத்தால் விட்டுப்போகின்றன. விரல் காய்ந்திருந்தால் ஒரு மாதிரி, வியர்த்திருந்தால் வேறு மாதிரி. ஒரே ஆள் ஒரே விரலை ஒரே நிமிடத்தில் இரண்டு முறை வைத்தாலும் இரண்டு பதிவுகளும் அச்சாக ஒத்துப்போவதில்லை. எனவே கருவியால் ‘ஒன்று’, ‘வேறு’ என்று சொல்ல முடியாது. எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு மதிப்பெண் தர மட்டுமே அதனால் முடியும். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ஒரே ஆள் என்று கொள்வது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். கோட்டை உயர்த்தினால் உரியவரே வெளியே நிற்பார். தாழ்த்தினால் அடுத்தவர் உள்ளே போவார். ரேகையை இயற்கை தந்தது. ‘பொருந்துகிறது’ என்ற தீர்ப்பை ஓர் அலுவலகம் தருகிறது.

இனி இரண்டு கேள்விகளுக்கு வருவோம். வசதிக்காக, ஒரு விரலை மட்டும் ஒப்பிடும்போது பத்தாயிரத்தில் ஒரு முறை கருவி அயலானை உரியவன் என்று சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘நீதானா?’ என்ற கேள்விக்கு இது நல்ல கருவி. என் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற ஒருவன் என் ஒரே ஒரு பதிவோடு ஒப்பிடப்படுகிறான். பத்தாயிரத்தில் ஒருவன்தான் தப்புவான். இதே கருவியைக் கொண்டு ஒரு கோடிப் பேர் கொண்ட பதிவேட்டில் தேடினால் என்ன ஆகும்? சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேர் ‘பொருந்தி’ வருவார்கள். கருவி கெட்டுப்போகவில்லை, கேள்விதான் மாறிவிட்டது. இரண்டு விரல்களைச் சேர்த்து, அவை தனித்தனியாகத் தவறும் என்று கொண்டால், பிழை பத்துக் கோடியில் ஒன்றாகச் சுருங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பதிவேட்டில் 25 கோடிக்கும் மேற்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இரண்டு விரலாலும் இரண்டு மூன்று அப்பாவிகள் அகப்படுவார்கள். ஆக, பதிவேடு வீங்க வீங்க விரல்களும் கூட வேண்டும். அமெரிக்கா நடந்தே காட்டிய பாதை இது. 2004 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணிகளிடம் இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையை எடுக்கத் தொடங்கியது. 2007இன் இறுதியிலிருந்து பத்து விரல்களுக்கு மாறியது. அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனம் 2003இல் நடத்திய சோதனையிலும் இதே பாடம்தான். பத்தாயிரத்தில் ஒரு தவறான ஏற்பு என்ற கட்டுப்பாட்டில், சிறந்த கருவிகள் உரியவரை ஒரு விரலால் 98.6 விழுக்காடும், இரண்டு விரலால் 99.6 விழுக்காடும், நான்கோ அதற்கு மேலோ இருந்தால் 99.9 விழுக்காடும் சரியாக அடையாளம் கண்டன.

இரண்டு கேள்விகளையும் ரேகையிடம் கேட்ட தொடக்க இடங்களில் ஒன்று வங்காளம் என்பது நமக்குக் கொஞ்சம் நெருக்கமான செய்தி. 1858இல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மசியில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னால் ‘அது என் கை இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பதே நோக்கம். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் அவர் ரேகை வாங்கினார். செத்தவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்காமல் தடுக்க. எல்லாமே ‘நீதானா?’ வகை. இருபது ஆண்டு கழித்து வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றிக்கு வந்த தேவை வேறு. பிடிபட்டவன் பொய்ப்பெயர் சொல்கிறான்; பெயரே தெரியாதபோது ஆயிரக்கணக்கான தாள்களில் அவன் பழைய தாளை எப்படித் தேடுவது? விடை கண்டவர்கள் அவரிடம் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இருவர். ஒவ்வொரு விரலிலும் சக்கரம் உண்டா, இல்லையா என்று மட்டும் பார். பத்து விரலுக்கு இரண்டிரண்டு விடை என்றால் இரண்டைப் பத்து முறை பெருக்க வேண்டும்: 1,024 அறைகள். தாளை அதற்குரிய அறையில் போட்டுவைத்தால், தேடும்போது அந்த அறையை மட்டும் துழாவினால் போதும். 1897இல் கல்கத்தாவில் இந்த முறையில் ரேகைப் பிரிவு தொடங்கியது. பாட்டிமாரின் சக்கரக் கணக்குதான். பெயர் மட்டும் ‘ஹென்றி முறை’ என்று நிலைத்துவிட்டது. ஒரு விரலின் பதிவு விட்டுப்போனாலும் அறை எண் உறுதியாகக் கிடைக்காது. பத்து விரல் என்ற வழக்கம் குற்றவாளியைப் பதிவேட்டில் தேடுவதற்காகவே பிறந்தது.

அப்படியானால் குடியேற விண்ணப்பிப்பவரிடம் பத்து விரலைக் கேட்பதே அநியாயமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ‘நீதானா?’ என்று கேட்க வேண்டுமானால், முன்பே ஒரு பதிவு இருக்க வேண்டும். முதல் முறை வருபவரிடம் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒருவரே இரண்டு பெயரில் இரண்டு விண்ணப்பம் போடுவதை ஒருமுறையாவது முழுத் தேடல் நடத்தித்தான் கண்டுபிடிக்க முடியும். இன்னொன்று, இந்தத் தேடலால் அதிகம் பயன் பெறக்கூடியவர்களில் தமிழர்களும் உண்டு. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கி நிற்கும் நம் பெயர்கள் அயல்நாட்டுப் படிவங்களில் படும் பாடு தெரிந்ததே. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து விழுகிறது. ஆங்கிலத்தில் ஒருமுறை ‘ழ’வுக்கு ஓர் எழுத்து, மறுமுறை இரண்டெழுத்து. எங்கோ குற்றம் செய்த ஒருவரின் பெயரும் நம் பெயரும் ஒன்றாகிவிட்டால், பெயரை நம்பும் அலுவலகம் நம்மை நிறுத்திவைக்கும். ரேகையை நம்பும் அலுவலகம் போகவிடும். பெயரைவிட ரேகை மேல் என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. தேடல் நடக்கட்டும். எந்தப் பதிவேட்டில் தேடுகிறார்கள், பொருந்தி வந்ததை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் கறார் வேண்டும்.

பொருந்தி வந்ததை எடுத்துக்கொள்ளும் விதம் எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு 2004இல் ஒரு சான்று கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. ஒரு பையில் கிடைத்த அரைகுறை ரேகையை எஃப்.பி.ஐ. தன் பதிவேட்டில் தேடியது. கருவி இருபது பேரைப் பட்டியலிட்டது. நான்காவதாக இருந்தவர் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவர். அனுபவம் மிக்க ஆய்வாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ‘இவர்தான்’ என்றார்கள். நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஒப்புக்கொண்டார். ஸ்பெயின் போலீஸ் ‘இல்லை’ என்று முன்கூட்டியே சொல்லியும் அந்த வழக்கறிஞர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டறிந்த பிறகே விடுவிக்கப்பட்டார்; அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. பதிவேடு பெரிதாக இருந்ததே இங்கே தவறை வளர்த்தது. கோடிக்கணக்கான ரேகைகளில் மிக நெருக்கமாக ஒத்திருப்பதைத் தேடி எடுத்தால், மனிதக் கண்ணும் மயங்கும் அளவுக்கு நெருக்கமான ஒன்று எப்படியும் கிடைக்கும். தட்டில் நிதானமாக எடுத்த பத்து விரல் பதிவும் பையில் கிடைத்த அரைகுறை ரேகையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பதாரரின் நல்ல பதிவு குற்றப் பதிவேட்டோடு சேர்த்து வைக்கப்பட்டால், நாளைக்கு ஏதோ ஒரு பையில் கிடைக்கும் அரைகுறை ரேகை தேடப்படுவது அதற்குள்தான்.

புகைப்படத்தைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்படுவதில்லை. ஆனால் ஸ்டுடியோவில் ‘சிரிக்காதீங்க’ என்று சொல்வதும் 2016 நவம்பர் முதல் அமெரிக்க விசாப் படத்தில் மூக்குக் கண்ணாடியைத் தடுத்திருப்பதும் அழகு கருதி அல்ல. முகமும் அளக்கப்படுகிறது, சிரிப்பு அளவுகளைக் குலைக்கிறது, கண்ணாடியின் பளபளப்பு கண்ணை மறைக்கிறது. விரலை நாமாகத் தட்டில் வைத்தால்தான் ரேகை கிடைக்கும். முகத்தைத் தெருவில் இருக்கிற கேமராவும் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன அதே தர நிர்ணய நிறுவனம் 2019இல் 189 முக அடையாள நிரல்களைச் சோதித்தது. ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களை வேறொருவருடையதாகத் தவறாகப் பொருத்துவது, பல நிரல்களில், ஐரோப்பிய முகங்களைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை அதிகமாக இருந்தது. சீனாவில் உருவான சில நிரல்களில் கிழக்காசிய முகங்களுக்கு இந்தக் குறை இல்லை. அதாவது, குறை முகத்தில் இல்லை, எந்த முகங்களைக் காட்டி நிரலைப் பழக்கினார்கள் என்பதில் இருக்கலாம். இந்தச் சோதனைக்குப் பயன்பட்ட படங்களில் ஒரு பெருந்தொகுதி, குடியேற்றச் சலுகை கேட்டு உலகெங்கும் இருந்து விண்ணப்பித்தவர்கள் கொடுத்த படங்கள். ஒரு காரியத்துக்குக் கொடுத்த படம் வேறொரு காரியத்துக்குப் போவதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?’ என்பது கடைசி எதிர்வாதம். சொல்ல எளிது, ஆனால் கடவுச்சொல்லைப்போல ரேகையை மாற்ற முடியாது என்பதை அது மறக்கிறது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகக் கணினிகளிலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் களவுபோயின. அவர்கள் எல்லோரும் தப்பு செய்யாதவர்கள்தான். இரண்டாவதாக, தப்பு செய்யாதவரின் விரலும் ஒத்துழைக்க மறுக்கலாம். சிமென்ட் கலவையில் வேலை செய்பவர், செங்கல் அடுக்குபவர், முதியவர்கள் ஆகியோரின் வரிகள் தேய்ந்துபோகின்றன; ரேஷன் கடையில் ‘கைரேகை விழலை’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2008 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து உறவினரைப் பார்க்க அமெரிக்கா போன 62 வயது முதியவரை நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். புற்றுநோய்க்காக அவர் சாப்பிட்டுவந்த கேப்பசிட்டபின் மாத்திரை உள்ளங்கைத் தோலை உரித்து வரிகளை அழித்துவிட்டிருந்தது. அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பயணத்தின்போது மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்று அவருடைய மருத்துவரே எழுதினார். இன்றும் அது நல்ல யோசனை.

இந்த இரண்டு கேள்விகளின் வேறுபாட்டை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா போலீஸைச் சீரமைத்தார். ரேகை முறையும் அந்த மண்ணில் வேர் பிடித்தது. 1906இல் அந்நகரங்கள் அடங்கிய டிரான்ஸ்வால் காலனியின் அரசு அங்கே குடியிருந்த இந்தியர் எல்லோரும் மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. பத்து விரல் ரேகையும் கேட்டது. அதற்கு முன் பெருவிரல் ரேகை தந்து வந்தவர்கள்தான் அவர்கள். காந்தி, ஹென்றி எழுதிய நூலை வாங்கிப் படித்தார். பத்து விரல் ரேகை குற்றவாளிகளிடம் மட்டுமே சட்டப்படி பெறப்படுகிறது என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டார். ரேகை வைப்பதில் பாவம் எதுவும் இல்லை, கட்டாயமும் அதன் உட்பொருளுமே அவமானம் என்பது அவர் நிலை. அதனால்தான் 1908 தொடக்கத்தில், தாமாக முன்வந்து பதிந்தால் சட்டம் நீக்கப்படும் என்ற உடன்பாட்டை நம்பி, அவரே பத்து விரலையும் வைக்கக் கிளம்பினார். வழியில் தம்மவர்களிடமே அடி வாங்கினார். தடுக்கப் போன தமிழர் தலைவர் தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. அரசு வாக்கு மாறியதும் அந்த ஆகஸ்டில் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் ஜோகன்னஸ்பர்க் மசூதித் திடலில் எரிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். சிறையில் நோயுற்று வெளியே வந்த 16 வயது தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அதே ஆண்டில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டத்தில், உரியவரின் பெருவிரல் ரேகை பதிந்த குடியிருப்புச் சான்று, ஆள் அவர்தான் என்று உறுதியானவுடன், நாட்டுக்குள் நுழையும் உரிமைக்கு முடிவான ஆதாரம் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. அந்தச் சான்றில் இருந்தது ஒரே ஒரு விரலின் ரேகை.